இரண்டு உயிருக்கு ஒரு துடிப்பு

அழைப்பு மணியை அழுத்தும் முன் துப்பறிவாளர் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைக் கையின் பொத்தானைச் சரிபார்த்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவது ஒரு சிறிய அத்துமீறல் என்றும், அதை இயன்றவரை பணிவுடன் செய்ய வேண்டும் என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

"பாஸ், நீங்க மணி அடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கிறவங்க வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க," என்றாள் அவருடைய உதவியாளர்.

அவளை அலுவலகத்தில் அனைவரும் வாயாடி என்றே அழைத்தனர். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசினால் அதுவே சாட்சியாகிவிடும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

கதவைத் திறந்தவர், இந்த வழக்கை அவர்களிடம் ஒப்படைத்திருந்த தாய். "வாங்க சார். கொஞ்சம் மெதுவா வாங்க. இப்பதான் கையை விரிச்சுக் கொடுத்திருக்கான்."

அச்சொற்களின் பொருள் கூடத்துக்குள் நுழைந்ததும் விளங்கியது. நாற்காலிகள் இருக்க வேண்டிய இடத்தை, சிறுவனை நிற்க வைக்கும் மரச்சட்டம் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதன் வார்கள் இடுப்பிலும் முட்டியிலும் தேய்ந்து மெருகேறியிருந்தன. ஜன்னல் விளிம்பில் கிடந்த ஸ்பூன்களின் காம்புகளில், இறுகிய விரல்களுக்கும் பிடி கிடைக்கும்படி சைக்கிள் டியூப் சுற்றப்பட்டிருந்தது. தரையில் விரித்த பாயில் ஆறு வயதுச் சிறுவன் படுத்திருந்தான். பிறக்கும் வேளையில் மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்காமல் வந்த பெருமூளை வாதம் அவனுக்கு. கைகால்கள் அவன் சொல்லைக் கேட்பதில்லை. அவனுடைய வலது காலை மடக்கியும் நீட்டியும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் அவனுடைய அத்தை, தாய்க்கு நாத்தனார்.

சிறுவனின் தலைமாட்டில் இருந்த கைபேசி, ஈரத் தரையில் குதிரை ஓடுவது போன்ற ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. தடக் தடக் தடக். அந்த ஒலிக்கு ஏற்பச் சிறுவனின் இடது உள்ளங்கை மெல்ல மெல்ல விரிந்தது.

"இது இவனோட இதயத் துடிப்பு சார்," என்றார் தாய். "பிறக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, லேபர் வார்டுல மானிட்டர்ல கேட்டது. இவன் அப்பா போன்ல வீடியோ பிடிச்சார். இதைப் போட்டாத்தான் கையை விரிப்பான். வேற எந்தப் பாட்டுக்கும் மசிய மாட்டான்."

வாயாடி பாயருகில் குந்தினாள். "தன் பாட்டுக்குத் தானே ரசிகரா? பெரிய பாடகருங்க எல்லாருமே இப்படித்தான் சார்."

சிரிப்பு சிறுவனின் முகத்துக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. வந்த பிறகு உடம்பு முழுவதும் சிரித்தது.

துப்பறிவாளர், உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். "அம்மா, நாளைக் காலையில உங்க புகாருக்கான விசாரணைக் குழு கூடுது. ஆஸ்பத்திரி கொடுத்திருக்கிற பதிலை நானும் படிச்சேன். உங்க வாயால ஒரு தடவை கேட்டா நல்லது. சிரமமா இருந்தா வேண்டாம்."

"சிரமம் என்ன சார், மனப்பாடமே ஆயிடுச்சு," என்றார் தாய். "குழந்தையோட துடிப்பு கடைசிவரைக்கும் நல்லா இருந்துச்சாம். அவங்க மேல தப்பே இல்லையாம். நான் மாசமா இருந்தப்ப பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேனாம், அதுல வயித்துக்குள்ளேயே அடிபட்டுடுச்சாம். அதுக்கு ஆதாரமா இந்த வீடியோவையே கொடுத்திருக்காங்க. கேளுங்க, எவ்வளவு நல்லா ஓடுதுன்னு."

"மானிட்டர்லேருந்து ஒரு காகிதம் வந்திருக்கணுமே?"

"அது வெளிறிப் போயிடுச்சாம்."

"என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டுக்கு அந்த நல்ல காலம் வரலையே," என்றாள் வாயாடி.

தாய் சிரிக்க முயன்று, முடியாமல் மகனைப் பார்த்தார். "சார், நாளைக்கு அவங்க என்னாலதான்னு எழுதிட்டாங்கன்னா அது அப்படியே நின்னுடும். இவனுக்கு வாய்தான் திக்கும், புத்தி நல்லாவே ஓடும். ஒருநாள் கேட்பான். நான் என்ன சொல்றது? எனக்கே தெரியலை சார். விழுந்தது நிஜம். லேசாத்தான் விழுந்தேன். ஆனா விழுந்தேன்."

"அண்ணி, திரும்பத் திரும்ப அதையே நினைக்காதீங்க," என்றார் நாத்தனார், கையிலிருந்த காலை விடாமல்.

"நீங்க அப்ப அந்த ஆஸ்பத்திரியிலதான் நர்சா இருந்தீங்க, இல்லையாம்மா?" என்று துப்பறிவாளர் மிகுந்த மரியாதையுடன் வினவினார்.

"ஆமா சார். இவனைப் பார்த்த பிறகு அந்த வேலையே வேண்டாம்னு விட்டுட்டேன். பிசியோதெரபி கத்துக்கிட்டேன்."

"அன்னிக்கு என் பக்கத்துல நின்னதே இவதான் சார்," என்றார் தாய். "கடைசி நேரத்துல அவரைக்கூட வெளியே அனுப்பிட்டாங்க. இவ மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. அதை நினைச்சுத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் நடமாடுறேன். கூடப் பிறந்தவங்ககூட இப்படி இருக்க மாட்டாங்க. அவர்தான்..." குரல் தணிந்தது. "விழுந்த விஷயம் இவளுக்கு மட்டும்தான் தெரியும். இவ மனசு கேட்காம அண்ணன்கிட்ட சொல்லியிருக்கா. அவர் போய் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சொல்லிட்டார். வீடியோவையும் கொடுத்துட்டார். கேட்டா, இல்லைன்னு சாதிக்கிறார். போங்கன்னுட்டேன். இப்ப வேலை செய்யற இடத்துலேயே தங்கிக்கிறார்."

"தப்பு என் மேலதான் சார். அண்ணன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது," என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துப்பறிவாளர் கண்ணை மூடி, ஓடிக்கொண்டிருந்த காட்சி முடிந்து மறுபடி தொடங்குவதைக் கேட்டார். அது ஓர் ஆணின் பாதிச் சொல்லில் தொடங்கியது. "...ங்க பாரு, எப்படி ஓடறான்!" அதன் பிறகு குதிரைக் குளம்பொலி.

"ஆஸ்பத்திரி கொடுத்த வீடியோவைப் போடேன்," என்றார்.

வாயாடி தன் கைபேசியில் அதை ஓடவிட்டாள். "...ங்க பாரு, எப்படி ஓடறான்!"

"ரெண்டும் ஒரே இடத்துல வாயைத் திறக்குது பாஸ்."

"கவனிச்சேன்," என்றார் துப்பறிவாளர். "அம்மா, உங்க வீட்டுக்காரரை நாங்க போய்ப் பார்த்தா உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

*

பல மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், திறந்திருந்த லிஃப்ட் கதவுக்குள், தரை மட்டத்தில் ஒரு தலை தெரிந்தது. தலைக்குக் கீழே குழியும், குழிக்குள் கிரீஸ் வாடையும், ஒரு கைவிளக்கும் இருந்தன.

"பாஸ், தலை கிடைச்சிடுச்சு. மீதியைத் தேடணும்," என்றாள் வாயாடி.

"மீதி கீழே ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டுது," என்றது தலை. "மேல போறவங்களா இருந்தா படியில போங்க. திட்டுறவங்களா இருந்தா வரிசையில நில்லுங்க."

சிறுவனின் தந்தை அவர். லிஃப்ட் மெக்கானிக். வந்திருப்பவர்கள் யார் என்று அறிந்ததும் கைகளைக் கந்தலில் துடைத்தபடி மேலே ஏறி வந்து, குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தார்.

"வீடியோவை நான் கொடுக்கலை சார். எத்தனை தடவை சொல்றது? என் பிள்ளைக்கு எதிரா நானே போய்க் கொடுப்பேனா?"

"மன்னிக்கணும். உங்க மனைவி வழுக்கி விழுந்ததை ஆஸ்பத்திரியில சொன்னது?"

கந்தல் துணி நின்றது. "யாரு விழுந்தா?"

"உங்க மனைவி. மாசமா இருந்தப்ப."

"எப்போ? எங்க விழுந்தா? எனக்குச் சொல்லவே இல்லையே! அடி கிடி பட்டுச்சா?"

ஆறு ஆண்டுகளுக்கு முன் விழுந்தவரை இப்போதே தூக்கிவிடப் போகிறவரைப் போல அவர் எழுந்து நின்றுவிட்டார். துப்பறிவாளரும் வாயாடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"ஆஸ்பத்திரி பதில்ல அது இருக்கே. உங்க மனைவி உங்ககிட்டக் கேட்கலையா?"

"'எல்லாத்தையும் போய் ஊதிட்டீங்களே'ன்னுதான் கத்தினா. எல்லாம்னா வீடியோன்னு நினைச்சேன். அந்தப் பதிலை என் கண்ணுல காட்டக்கூட மாட்டேன்னுட்டா."

வாயாடி துப்பறிவாளரின் காதருகே குனிந்தாள். "நடிப்பா இருந்தா பரிசு கொடுக்கலாம் பாஸ்."

"அந்த வீடியோ உங்க போன்ல இருக்கா?"

இருந்தது. அது தாயிடம் இருந்ததைவிடப் பெரியது. பாதிச் சொல்லில் தொடங்காமல், ஒரு கதவு திறப்பதில் தொடங்கியது. "இங்க பாரு, எப்படி ஓடறான்!" என்ற சொற்கள் அதன் நடுப்பகுதியில்தான் வந்தன; அவற்றைத் தாண்டியும் காட்சி நீண்டது.

"அவகிட்ட இருக்கிறது சின்னது. அவ பழைய போன் உடைஞ்சப்ப என்கிட்டேருந்து வாங்கி, தங்கச்சிதான் வெட்டிப் போட்டுக் கொடுத்தா. பிள்ளை கேட்கறதுக்குச் சத்தம் மட்டும் போதும், மத்ததெல்லாம் எதுக்குன்னு சொன்னா."

துப்பறிவாளர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணவரிடமிருந்து போயிருந்தால் முழுச் சொல்லாகப் போயிருக்க வேண்டிய ஒன்று, மருத்துவமனைக்குப் பாதிச் சொல்லாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் வெட்டியவர் எதை வெட்டினார், எதற்காக வெட்டினார் என்பது இன்னும் விளங்கவில்லை.

மூவரும் லிஃப்ட் குழியின் விளிம்பில் அமர்ந்து முழுக் காட்சியையும் பார்த்தனர். படுக்கையில் தாய், வயிற்றைச் சுற்றிப் பட்டை, விரலில் ஒரு க்ளிப். க்ளிப்பின் சிறிய திரையில் ஒரு பச்சைக் கோடு குதித்துக்கொண்டிருந்தது. மானிட்டரின் குதிரை சீராக ஓடியது. திடீரென்று வலியில் தாய் கத்தினார்.

"உங்களுக்கு இப்ப வீடியோ ஒரு கேடா! போனைத் தூக்கிப் போட்டுட்டு இங்க வாங்களேன்யா!"

குதிரை பாய்ச்சல் எடுத்தது. தடக்தடக்தடக்.

"பாருங்க பாஸ்," என்று வாயாடி சிரித்தாள். "அம்மா திட்டினதும் பிள்ளையும் சேர்ந்து திட்டுது. பிறக்குறதுக்கு முன்னாடியே கட்சி சேர்ந்துடுச்சு!"

காட்சியில் தாய் ஓய்ந்தார். குதிரையும் ஓய்ந்தது. மறுபடி வலி, மறுபடி கணவருக்கு ஒரு திட்டு, மறுபடி பாய்ச்சல்.

"நீ இப்ப சொன்னதை மறுபடி சொல்லு," என்றார் துப்பறிவாளர்.

"பிள்ளையும் சேர்ந்து திட்டுதுன்னு... சும்மா சொன்னேன் பாஸ்."

"சும்மா இல்லை. அவங்க கத்தினா அவங்களுக்குத் துடிப்பு ஏறும். பிள்ளைக்கு எதுக்கு ஏறணும்? சத்தத்தைக் கேட்டுக்கிட்டே அந்த க்ளிப்பைப் பாரு. அது அம்மாவோட விரல்ல இருக்கு. அம்மாவோட துடிப்புக்குத்தான் குதிக்கும்."

அவர்கள் பார்த்தனர். பச்சைக் கோடு ஒருமுறை எழும்போது குதிரை ஒருமுறை மிதித்தது. கோடு விரைந்தபோது குதிரையும் விரைந்தது. ஒரு மிதிகூடத் தப்பவில்லை.

தந்தை காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு, "அப்போ இது என் பிள்ளை இல்லையா சார்?" என்று கேட்டார்.

*

மகப்பேறு மருத்துவர் ஒருவரின் சிறிய கிளினிக்கில், இரண்டு கர்ப்பிணிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவர்கள் நுழைந்தனர். தந்தையிடமிருந்து வாங்கி வந்த முழுக் காட்சியை மருத்துவர் நின்றபடியே பார்த்தார்.

"இது அம்மாவோட துடிப்பு. குழந்தையோடது இல்லை," என்றார். சந்தேகத்தின் நிழல்கூட அவர் குரலில் இல்லை.

"மெஷின் பொய் சொல்லுமா டாக்டரம்மா?" என்று வாயாடி கேட்டாள்.

"மெஷின் பொய் சொல்லாது. கிடைச்ச துடிப்பைச் சத்தமாக் கொடுக்கும். அது யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது. குழந்தை கீழே இறங்குறப்ப பட்டை விலகினா அம்மாவோட ரத்தக் குழாயைப் பிடிச்சுக்கும். வலியில அம்மாவுக்கும் துடிப்பு ஏறிடும், கேட்கிறதுக்குக் குழந்தையோடது மாதிரியே இருக்கும். எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. உள்ளே குழந்தை தவிச்சுக்கிட்டு இருக்கும்."

துப்பறிவாளர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். "அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா அம்மா?"

"ரொம்பச் சுலபம். கையைக் கொடு," என்று மருத்துவர் வாயாடியின் கையை இழுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், மூன்று விரல் நுனிகளை வைத்தார். "இப்படி நாடியைப் பிடிச்சுக்கிட்டு மானிட்டர் சத்தத்தைக் கேட்கணும். ரெண்டும் ஒண்ணா அடிச்சா, நீங்க கேட்கிறது குழந்தையை இல்லை. உடனே பட்டையை நகர்த்தி வெச்சுக் குழந்தையைத் தேடணும், டாக்டரைக் கூப்பிடணும். புதுசா சேர்ந்த நர்சுக்குக்கூட இது தெரியும்."

"டாக்டரம்மா, என் கையை இவ்வளவு உரிமையா யாரும் பிடிச்சதில்லை. வீட்டுல கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. வாயாடியின் மணிக்கட்டில் இருந்த அந்த மூன்று விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்து, காட்சியின் கடைசிப் பகுதிக்குச் சென்று, அங்கே நிறுத்திப் பார்த்தார். நன்றி சொல்ல மறந்து வெளியேறினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சம்பவம்.

"என்ன பாஸ் பார்த்தீங்க?"

"ஒரு கையை," என்றார் அவர். "நாம நினைச்ச கைதான். ஆனா நாம நினைச்ச வேலையைச் செய்யலை."

*

மாலை வெயில் சரிந்த நேரத்தில் அவர்கள் திரும்பியபோது, நாத்தனார் மாலைப் பயிற்சியில் சிறுவனின் வலது காலை முடித்துவிட்டு இடது காலுக்கு மாறவிருந்தார். தாய் அடுப்படியிலிருந்து டீயுடன் வந்தார்.

"அவர் ஒத்துக்கிட்டாரா சார்?"

"சொல்றேன்மா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விண்ணப்பம்." துப்பறிவாளர் நாத்தனாரின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு லேபர் வார்டுல அண்ணியோட கையை எப்படிப் பிடிச்சிருந்தீங்கன்னு ஒரு தடவை காட்ட முடியுமாம்மா?"

நாத்தனார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அண்ணியின் உள்ளங்கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொதிந்துகொண்டார். "இப்படித்தான் சார்."

"இல்லை," என்றார் தாய். அவர் முகத்தில் ஒரு சிறிய புன்னகை இருந்தது. "மறந்துட்டியா? இப்படி இல்லை. இங்க." நாத்தனாரின் விரல்களை அவரே எடுத்து, தன் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். "இங்கதான் பிடிச்சே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அமுக்கிப் பிடிச்சே."

 நாத்தனார் விரல்களை இழுத்துக்கொள்ள முயன்றார், தாய் விடவில்லை. அவர் இன்னும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் புன்னகையைக் கலைக்க வேண்டிய கடமை தமக்கு வாய்த்ததற்காகத் துப்பறிவாளர் மிகவும் வருந்தினார். இயன்றவரை சுருக்கமாகச் சொன்னார்: கணவர் வீடியோவைக் கொடுக்கவில்லை, விழுந்ததை இன்றுவரை அறிந்திருக்கவுமில்லை. மருத்துவமனையிடம் இருப்பது நாத்தனார் வெட்டிய பிரதி. அதில் ஓடும் குதிரை சிறுவனுடையது அல்ல.

"யாரோடது?" என்றார் தாய்.

"உங்களுதும்மா. உங்க இதயம்."

"அப்போ அவனோட சத்தம்?"

"அந்த நேரத்துல அதை யாரும் கேட்கலை."

வாயாடி முழுக் காட்சியின் கடைசிப் பகுதியை ஓடவிட்டாள். தாயின் மணிக்கட்டில் மூன்று விரல் நுனிகள். நர்ஸ் உடையில் நாத்தனார், காதைச் சாய்த்து மானிட்டரைக் கேட்கிறார். விரல்கள் சூடு பட்டவை போல் விலகுகின்றன. அந்தக் கை மானிட்டரை நோக்கிப் போகிறது, பட்டையைத் தொடவில்லை. ஒரு திருகைத் திருப்புகிறது. குதிரையின் ஒலி குறைந்து, குறைந்து, அடங்குகிறது.

"கையைப் பிடிக்கலை," என்றார் தாய் மெதுவாக. "நாடி பார்த்திருக்கே."

நாத்தனார் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்குக் காலையில ஒரு தடவை எனக்குச் சந்தேகம் வந்து பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன் அண்ணி. அப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. 'மெஷினைவிட நீ பெரிய ஆளா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. மத்தியானம் உங்க நாடியும் மானிட்டரும் ஒண்ணாவே அடிச்சுது. போன் பண்ணி, 'கொஞ்சம் வந்து பாருங்க சார்'னு மட்டும் சொன்னேன். எதுக்குன்னு சொல்ல வாய் வரலை. 'இப்ப வரேன்'னார். வருவார்னு நினைச்சேன். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் குறைச்சேன். அவர் வர்றதுக்குள்ள..."

"நீ ஒரு குரல் கொடுத்திருந்தா?"

நாத்தனார் பாயில் கிடந்த சிறுவனைப் பார்த்தார்.

"வீடியோ?"

"விசாரணைன்னதும் பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். முதல்ல போறது உன் லைசென்ஸ்தான்னார். அது போனா பிசியோதெரபியும் பண்ண விட மாட்டாங்க, நான் இவனைத் தொட முடியாது அண்ணி. நீங்களும் தொட விட மாட்டீங்க. நான் இல்லைன்னா இவனுக்கு யார் கைகாலை நீட்டிவிடுவாங்க? அதனாலதான் கொடுத்தேன். விழுந்ததையும் நான்தான் சொன்னேன். அண்ணன் பேரைச் சொன்னா... நீங்க அவர்கிட்ட சண்டை போடுவீங்க, அதோட போயிடும்னு நினைச்சேன்."

"நான் விழுந்ததாலயா?" என்றார் தாய். அவர் குரல் உயரவே இல்லை. "அதை மட்டும் சொல்லு. என்னாலயா?"

"இல்லை அண்ணி. வீட்டுலேருந்து வந்தப்ப அவன் துடிப்பு நல்லா இருந்துச்சு. நானே கேட்டேன். நீங்க விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

தாய் தலையசைத்தார். பல ஆண்டுகளாகக் காத்திருந்த ஒரு சொல் கிடைத்துவிட்டவர் அழுவார், அல்லது சிரிப்பார் என்று வாயாடி எதிர்பார்த்தாள். தாய் இரண்டையும் செய்யவில்லை. டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். நாத்தனாருக்கு வைத்திருந்ததையும் எடுத்துவிட்டார்.

"தினம் இந்த வீட்டுக்கு வந்தே. பாத்ரூம் கதவைப் பார்த்துப் பார்த்து நான் அழுதப்ப முதுகைத் தடவிக் கொடுத்தே. இந்த ஒரு வார்த்தை உன் வாயிலேயே இருந்திருக்கு. 'உங்களால இல்லை அண்ணி.' எந்த நாள் சொல்லியிருந்தாலும் நான் உன் காலைப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பேன்."

"நாளைக்கு வந்து சொல்றேன் அண்ணி. எல்லாத்தையும் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் சொல்லலைன்னாலும் வீடியோ சொல்லும்மா," என்றார் துப்பறிவாளர், அந்த நிலையிலும் அவருக்குரிய மரியாதையைக் குறைக்காமல். "ஆனா நீங்க சொன்னா, 'இப்ப வரேன்'னு சொல்லிட்டு வராதவரும் பதில் சொல்லியாகணும். இல்லைன்னா எல்லாத்தையும் உங்க தலையில கட்டிட்டு அவர் எழுந்து போயிடுவார்."

நாத்தனார் தலையை ஆட்டினார்.

"சொல்லு," என்றார் தாய். "சொல்லிட்டு அப்படியே போயிடு. இந்தப் படி ஏறாதே." பிறகு துப்பறிவாளரிடம், "அவர்கிட்ட நான் என்னன்னு சார் பேசுறது?" என்றார்.

"திட்டியே ஆரம்பிங்க," என்றாள் வாயாடி. "அவருக்கு அதுதான் பழக்கம்."

தாயின் உதட்டில் ஏதோ அசைந்து மறைந்தது. பாயிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கைபேசியின் ஒலி நின்று வெகுநேரமாகியிருந்தது. சிறுவனின் முஷ்டி இறுகிவிட்டது. பயிற்சி பெறாத இடது கால், வலது காலின் மேல் கத்தரிக்கோல் போல் ஏறிக் கிடந்தது. "த்தை," என்றான்.

நாத்தனார் பழக்கத்தினால் பாயை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"தொடாதே." தாய் மகனருகே மண்டியிட்டார். அவனுடைய இடது காலை எடுத்தார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கைகள் முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே தடுமாறின. இந்த வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை; செய்ய வேண்டிய தேவை வந்ததில்லை.  பிறகு திரும்பிப் பாராமல், "வாசல்ல நின்னு சொல்லு," என்றார்.

துப்பறிவாளரும் வாயாடியும் விலகி வழிவிட்டனர். நாத்தனார் கதவருகே போய், நிலைக்கு வெளியே நின்றார்.

"ஒரு கை முட்டிக்கு அடியில அண்ணி. இன்னொரு கையில குதிகாலை ஏந்துங்க. மெதுவா வயித்துப் பக்கம் கொண்டு வாங்க. இழுக்காதீங்க, அது தானா வரும்."

கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. சிறுவன் அத்தையின் குரல் வந்த திசையைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் கொஞ்சம் மடங்கும் அண்ணி. பயப்படாதீங்க."

தாயின் கைகள் நின்றன.

"இதுவாவது நிஜமா?"

வாசலில் நின்றவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "நிஜம் அண்ணி."

தாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகனின் உதடுகளையே பார்த்துக்கொண்டு, அவை வலியில் சுளிக்கின்றனவா என்று காத்திருந்து காத்திருந்து, ஒரு விரற்கடை மட்டும் கூடுதலாக மடக்கினார்.